வரோம்னா கீழ வரோம்னு அர்த்தம்

என் சில்வண்டுக்கு,

அப்பா எழுதுறேன். கோழி கிளறுன மாதிரி கையெழுத்தப் பாத்ததுமே தெரிஞ்சிருக்கும். லெட்டர் வந்துருச்சேன்னு நெஞ்சப் புடிச்சுக்காத, இங்க எல்லாரும் உசுரோட, நல்லா சாப்பிட்டுக்கிட்டு, ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கிட்டு நல்லாத்தான் இருக்கோம். மொதல்ல அவ சுகமான்னு கேளுங்க, அதான் முறைன்னு உங்கம்மா பக்கத்துல உக்காந்து முழங்கையால இடிக்கிறா. நான் கேக்க மாட்டேன். கேட்டா நீ சுகம்னு சொல்லுவ, நாங்களும் சரின்னு போனை வெச்சுருவோம், இத்தன நாளா அப்படித்தான நடந்துக்கிட்டு இருக்கு. அதனால இந்தத் தடவை அந்தக் கேள்வி கெடையாது. இந்த லெட்டர உன் வீட்டுக்குப் போடாம நீ வேலை பாக்குற கண்ணாடிக் கடைக்குப் போட்டிருக்கேன், கடைக்கார அம்மா கையில சேரட்டும்னு. மாப்பிள்ளை கண்ணுல இது படக்கூடாது. படிச்சுட்டு அங்கேயே விட்டுட்டுப் போ, பையில வெச்சு வீட்டுக்குக் கொண்டு போகாத. அவரு தெனம் உன் பையப் பிரிச்சுப் பாக்குறாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. உங்கம்மா எல்லாத்தையும் சொல்லிட்டா. எங்க வெச்சு சொன்னாங்கறதுதான் பெரிய கூத்து, அதை வரிசையாச் சொன்னாத்தான் நான் எதுக்கு இத எழுதுறேன்னு உனக்குப் புரியும், கொஞ்சம் பொறுமையாப் படி.

அதுக்கு முன்னாடி ஊட்டுச் சேதி. உங்க மாமா பல்லு செட்டு கட்டிக்கிட்டாரு. சிரிச்சா கழண்டு விழுது. அதனால நான் பக்கத்துல போனாலே வாயப் பொத்திக்கிட்டு உம்முன்னு ஆயிடுறாரு, மச்சான் உங்க கால்ல விழறேன் ஜோக் மட்டும் வேணாம்னு கும்பிடுறாரு. நானும் விடுறதில்ல. கடைக்கு இன்னமும் காலைல போயிட்டுத்தான் வரேன். கிட்டப் பார்வை மங்கிப் போச்சுன்னாலும் சாவி வெட்டுறதுக்குக் கண்ணு எதுக்கு, வெரலு போதும். போன வாரம் ஒருத்தரு வந்து வீட்டுப் பூட்டு தொறக்க மாட்டேங்குது வாங்கன்னு கூட்டிட்டுப் போனாரு, பாத்தா பக்கத்து வீட்டுக் கதவு. நல்லவேளை தொறக்குறதுக்குள்ள அந்த வீட்டம்மா வந்துட்டாங்க, இல்லாட்டி இந்த லெட்டர் வேற எடத்துலருந்து வந்திருக்கும். உங்கம்மா முட்டி அப்படியேதான் இருக்கு, ஏறும்போது ஒரு பாட்டு எறங்கும்போது ஒரு பாட்டு.

சரி, விஷயத்துக்கு வரேன். போன மாசம் போன்ல பேசும்போது நீ ஒண்ணு சொன்ன ஞாபகம் இருக்கா. சின்ன வயசுல உனக்குப் படிச்சுக் காட்டுவேனே, கலங்கரை விளக்கத்துல குடியிருக்குற பொண்ணு, அவளோட மூணுகால் ஆடு, பத்துப் பன்னெண்டு புஸ்தகமா வருமே, அத எழுதுனவங்க பாத்துப் பாத்து எழுதுன கடற்கரைக்கு இப்ப பஸ் விடுறாங்களாம், நீங்களாவது போய்ப் பாத்துட்டு வாங்கப்பான்னு சொன்ன. நீங்களாவதுன்னு நீ சொன்னதும் உன் பக்கத்துல ஒரு செருமல் சத்தம் கேட்டுது. நீ ஒடனே வேற பேச்சுக்குப் போயிட்ட. அந்த ஆவது எனக்குச் சோத்துல கல்லு மாதிரி கடக்குன்னு பட்டுது. ஆனா முழுங்கிட்டேன். பொண்ணு ஆசையாச் சொல்லுது, போவோம்னு உங்கம்மாவக் கெளப்பிட்டேன்.

அந்தப் புஸ்தகத்த நான் படிச்ச லட்சணம் உனக்கு மறந்திருக்காது. அஞ்சாங் கிளாசுல எனக்கும் வாத்தியாருக்கும் ஒத்துப் போகல, அவரு நின்னுட்டாரு, நான் வந்துட்டேன். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன், தெரியாத வார்த்தை வந்தா நானே ஒண்ணு போட்டு ஓட்டுவேன். கலங்கரை விளக்கம் கலங்கரை விளக்கம்னு பக்கத்துக்குப் பக்கம் வருதே, எங்கடா விளக்கம், கடைசி வரைக்கும் எதையுமே விளக்க மாட்டேங்குறானேன்னு ஒருநாள் நான் கோவமா புஸ்தகத்த மூடுனேன் பாரு, நீ சிரிச்ச சிரிப்புல உங்கம்மா அடுப்புல இருந்ததக் கருக விட்டுட்டு ஓடி வந்தா. அப்புறம் நீதான், அது வெளக்குப்பா, வெளக்கு, ராத்திரி கப்பலுக்கு வழி காட்டுற வெளக்குன்னு எனக்குச் சொல்லிக் குடுத்த. நான் ஒண்ணாங் கிளாசுலருந்து படிச்சதுல அது ஒண்ணுதான் மனசுல நின்னுச்சு.

அந்த ஊர நீ பாக்கணுமே, ரெண்டு நாளு தங்குனோம். புஸ்தகம் தண்ணில ஊறி ஊர் மேல ஒழுகுன மாதிரி எங்க பாத்தாலும் ஆடு. டீக்கடை பேரு மூணுகால் டீக்கடை. லாட்ஜ் சாவில மர ஆடு தொங்குது, நல்ல கனம், பூட்டு மட்டும் மட்டம், ஹேர்பின் போதும். கடலு நீலமா ஒருநாள், சாம்பலா ஒருநாள். காத்து அடிச்சா வாயில இருக்குற பேச்சையே புடுங்கிட்டுப் போகுது, உங்கம்மா பேச்சையே புடுங்குதுன்னா பாத்துக்க. கலங்கரை விளக்கத்துக்குக் கீழ ஒரு ஆளு ஆட்டு வேஷம் போட்டுக்கிட்டு நிக்கிறான், பஞ்சு வெச்சுத் தெச்ச சட்டை, பெரிய தலை, ஒரு கை உள்ள கட்டியிருக்கு, புள்ளைங்க வாலப் புடிச்சு இழுக்குதுங்க. வெயில்ல பாவமா இருந்துச்சு. ஏம்பா ஆடு, நாலாவது காலு எங்க, லீவுல போயிருக்கான்னு கேட்டேன். உள்ளருந்து, ரிப்பேருக்குக் குடுத்திருக்குங்க ஐயான்னு ஒரு கொரல் வந்துச்சு. அடடே நம்ம ரகம்னு அப்பவே எனக்கு அவனப் புடிச்சுப் போச்சு.

பஸ்ல வந்த கைடு பொண்ணு, சாயங்காலம் பஸ்சுக்கு வந்துருங்க, அதுவரைக்கும் உங்க இஷ்டம்னு விட்டுடுச்சு. போனு, பிஸ்கட்டு, தண்ணி எல்லாம் பஸ்ல இருந்த பையில. உங்கம்மா முட்டியோட அந்தச் சுத்துப் படி ஏறுனது ஒரு தனி புராணம், நாலு படிக்கு ஒரு நிறுத்தம், நிறுத்தத்துக்கு ஒரு சாபம். மேல போய்ச் சேரும்போது எங்களுக்கு அப்புறம் வந்தவங்க எல்லாம் பாத்துட்டு எறங்கிப் போயிட்டாங்க. கண்ணாடி ரூமு, நடுவுல பெரிய வெளக்கு, வெளில நின்னு பாக்க ஒரு சுத்து பால்கனி. நாங்க மட்டும்தான். பொண்டாட்டி, இதான் நமக்கு ஹனிமூன்னு நான் சொல்லிக்கிட்டு இருக்கும்போது கீழருந்து காவக்காரரு கத்துனாரு, மேல யாராச்சும் இருக்கீங்களா, சாப்பிடப் போறேன், கதவச் சாத்தணும்னு. நான் படி வழியாத் தலைய நீட்டி, வரோம், வரோம், வரோம்னு மூணு தடவை கத்துனேன். அந்த நேரம் பாத்துக் கடைசிக் கூட்டம் கீழ வாசலத் தாண்டிக்கிட்டு இருந்திருக்கு. அவங்கதான் சொல்லிக்கிட்டுப் போறாங்கன்னு நெனச்சு அவரு என்ன சொன்னாரு தெரியுமா, சரி, போயிட்டு வாங்கன்னாரு. எங்கடா போயிட்டு வரச் சொல்றான்னு நான் சிரிக்கிறதுக்குள்ள கீழ டக்குன்னு ஒரு சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியாதா, ஆயுசு பூரா அதுலதான சோறு தின்னேன்.

கீழ எறங்கிப் போய்ப் பாத்தேன். இரும்புக் கதவு. நீ சிரிப்ப, பூட்டுக்காரன் மாட்டிக்கிட்டானேன்னு. நானும் சிரிச்சுக்கிட்டேதான் பாக்கெட்டுல கையவிட்டுக் கம்பிய எடுத்தேன், எங்கிட்டயேவான்னு. கதவத் தடவுறேன், தடவுறேன், சாவி ஓட்டையே இல்ல. பூட்டு இல்ல சில்வண்டு அது, தாழ்ப்பா. வெளிப்பக்கமா போட்ட தாழ்ப்பா. உள்பக்கம் வெறும் தகடு, வழவழன்னு இருக்கு. பூட்டா இருந்தா எப்பேர்ப்பட்ட பூட்டா இருந்தாலும் எனக்குப் பதில் சொல்லும். இதுக்கு என்ன பண்றது. எவ்ளோ கெட்டிக்காரனா இருந்தாலும் உள்ள இருக்குறவனுக்கு அங்க வேலையே இல்ல. தட்டுனேன், ஒதைச்சேன், கதவுக்கு அந்தாண்ட கடல் சத்தம்தான் கேட்டுது. அந்தக் கட்டடத்துல கீழ ஜன்னலும் கெடையாது, கத்தணும்னா மறுபடி உச்சிக்குத்தான் போகணும். போனேன்.

பால்கனில நின்னு கத்துனோம். காத்து எங்க கொரலக் கொண்டு போய்க் கடல்ல போட்டுச்சு. கீழ எறும்பு மாதிரி ஜனம். நான் தோள்ல இருந்த செவப்புத் துண்ட எடுத்து வீசுனேன். அங்கதான் வந்துச்சு வென. அந்தக் கதைல ஒரு எடத்துல கெட்டவனுங்க அந்தப் பொண்ண மேல அடைச்சு வெச்சுருவானுங்கல்ல, அவ அவங்கப்பனோட செவப்புத் துண்ட ஆட்டுவாளே, நீ அந்தப் பக்கத்த மட்டும் தெனம் படிக்கச் சொல்லுவியே. கீழ இருக்குறவங்க எல்லாம் அந்தக் கதையப் படிச்சவங்க. துண்டப் பாத்ததும் ஒரே ஆரவாரம். கை தட்டுறாங்க, போட்டோ எடுக்குறாங்க, புள்ளைங்களத் தோள்ல தூக்கி வெச்சுக் காட்டுறாங்க. உங்கம்மா கதவு சாத்தியிருக்குன்னு ரெண்டு கையாலயும் ஜாடை காட்டுனா, அவங்களும் அதே மாதிரி ஜாடை காட்டுறாங்க. ஐயா காப்பாத்துங்கன்னு நான் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டேன். அத்தன பேரும் திருப்பிக் கும்பிட்டாங்க. எனக்கு அப்பவும் சிரிப்புத்தான் வந்துச்சு, இந்த மாதிரி மரியாதை எனக்கு நம்ம தெருவுலகூடக் கெடைச்சதில்லன்னு சொல்லிட்டுத் திரும்பறேன், உங்கம்மா வெளக்குக்குக் கீழ உக்காந்து மூஞ்சியப் பொத்திக்கிட்டு அழுவுறா.

பயந்துட்டான்னு நெனச்சேன். பயம் இல்ல. அவளும் இப்படித்தாங்க நிக்கிறா, நாமளும் இப்படித்தாங்க கை தட்டுனோம்னா. எனக்கு ஒண்ணும் புரியல. அந்தக் கண்ணாடி ரூமு வெயில்ல அடுப்பு மாதிரி காயுது, நாக்கு ஒட்டிக்கிச்சு, நாலு பக்கமும் கடலு, எம்மாம் பெரிய ஜன்னலு, எல்லாத்தையும் பாக்கலாம், ஒரு அடி வெளில போக முடியாது. அதுக்குள்ள உக்கார வெச்சு அவ ஒண்ணொண்ணாச் சொன்னா. மாப்பிள்ளை வெளில போகும்போது உன்ன உள்ள வெச்சுக் கதவச் சாத்திட்டுச் சாவிய எடுத்துக்கிட்டுப் போறது. வீட்டுலருந்து நீ பேசுனா பக்கத்துலயே உக்காந்து கேக்குறது. கடை வாசல்ல எறக்கி விட்டுக் கடை வாசல்லயே ஏத்திக்கிறது, நடுவுல நாலெட்டு நடந்து எங்கயும் போகக் கூடாதுங்கறது. உன் சர்டிபிகேட்டு எல்லாம் அவரு பீரோவுல இருக்குறது. நீ கடை போன்லருந்து உங்கம்மாகிட்ட மட்டும் குசுகுசுன்னு இதையெல்லாம் சொல்லி, அம்மா நான் வந்துரட்டுமான்னு கேட்டது. அதுக்கு இவ, கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு, ஒரு கொழந்த பொறந்தா எல்லாம் சரியாயிடும், அக்கம்பக்கம் என்ன சொல்லும்னு சொன்னது. இத்தனைக்கும் நீ அனுப்புற போட்டோவ நாங்க தெருவுக்கே காட்டுனோம். மாடில நின்னு கையாட்டுறியே, அந்தப் போட்டோவ என் கடை செவுத்துல ஒட்டி வெச்சிருக்கேன். சாவி வெட்ட வர்றவன் எல்லாம், பொண்ணு ராணி மாதிரி இருக்குங்க ஐயாம்பான், நான் மீசைய முறுக்குவேன்.

ஏண்டி எங்கிட்ட சொல்லலன்னு கேட்டேன். சொன்னா அதையும் ஜோக்கா ஆக்கிருவீங்கன்னு பயந்தேன்னா. உங்கம்மா கூட வாழ்ந்த வாழ்க்கைல நான் பேசாம இருந்தது அப்பத்தான்னு நெனைக்கிறேன், அவளே பயந்து போயி, என்னங்க, ஏதாச்சும் பேசுங்கன்னா.

நான் எந்திரிச்சுப் போயி மறுபடி துண்ட வீசுனேன். கீழ இன்னும் கை தட்டுறாங்க. அப்ப அந்த ஆட்டுக்காரன் தண்ணி குடிக்கிறதுக்காகத் தலையக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு ஓரமா உக்காந்திருந்தான், அண்ணாந்து பாத்தான். அவன் மட்டும் கை தட்டல. தெனம் அங்கேயே நிக்கிறவன், இந்த மாதிரி ஆட்டம் மேல கெடையாதுன்னு அவனுக்குத் தெரியுமில்ல. எந்திரிச்சு, கட்டுன கைய உருவி வெளில எடுத்து, உள்ளங்கையத் திருப்பி, என்னன்னு கேட்டான். அவ்ளோதான். அத்தன கூட்டத்துல என்னன்னு கேட்டது அவன் ஒருத்தன். நான் கையால கதவு சாத்துற மாதிரி காட்டுனேன், அவன் ஓடுனான் பாரு, பஞ்சு வாலு ஆட ஆட. நாங்க கீழ எறங்கறதுக்குள்ள தாழ்ப்பாளத் தள்ளிட்டு நிக்கிறான், கக்கத்துல ஆட்டுத் தலை, மூஞ்செல்லாம் வேர்வை. உங்கம்மா அவன் கையப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. நாலாவது காலு நல்ல நேரத்துக்கு ரிப்பேராகி வந்துச்சுப்பான்னு சொன்னேன், அவன் சிரிச்சான், எனக்குத்தான் சிரிப்பு வரல.

காவக்காரரு வாயத் தொடச்சுக்கிட்டே வந்து சேந்தாரு. ஐயா நீங்கதான வரோம் வரோம்னீங்க, கெளம்புறோம்னு சொல்றீங்கன்னு நெனச்சேங்கிறாரு. யோவ், வரோம்னா கீழ வரோம்னு அர்த்தம்யான்னேன். வரோம்னா போறோம்னுதானங்க ஊர் பூரா அர்த்தங்கிறாரு. அவரு சொல்றதும் ஞாயந்தான், போறேன்னு நம்ம சனம் என்னிக்கு வாயால சொல்லிச்சு. அபசகுனம்னு போறதுக்கும் வரேன், வர்றதுக்கும் வரேன். பஸ்ல திரும்பி வர்ற வழியெல்லாம் எனக்கு இதே ஓட்டந்தான். கல்யாணம் முடிஞ்சு நீ ரயிலேறும்போது கதவுல நின்னு வரேம்பான்னு சொன்ன. நான் நல்லபடியாப் போயிட்டு வாம்மான்னு சொல்லிக் கதவத் தட்டி அனுப்பி வெச்சேன். அந்தக் காவக்காரரு மாதிரியே. அப்புறம் கடை போன்லருந்து நீ வந்துரட்டுமான்னு நெஜமாவே கேட்ட, நாங்க வெளிலருந்து டக்குன்னு சாத்திட்டோம். உன் கதவுல வெளித் தாழ்ப்பா போட்டது மாப்பிள்ளை மட்டும் இல்லம்மா, நாங்களும் சேந்துதான். அதனாலதான் உனக்கு எவ்ளோ கெட்டிக்காரத்தனம் இருந்தும் உள்ளருந்து தொறக்க முடியல. உன் மேல குத்தம் இல்ல. நான் சொன்னது தப்புன்னு எழுதுங்க, பெருசா எழுதுங்கன்னு உங்கம்மா இடிக்கிறா. எழுதிட்டேண்டி, கைய எடு, மை கொட்டுது.

இப்ப நல்லாக் கேளு. எங்க பக்கத் தாழ்ப்பாள நாங்க எடுத்தாச்சு. இந்த லெட்டர் உன் கைக்கு வர்றப்ப நாங்க ரயிலேறியிருப்போம். கடைக்கார அம்மாகிட்ட உங்கம்மா போன்ல பேசிட்டா, அவங்க ரொம்ப நாளா மனசுல வெச்சுக்கிட்டு இருந்தாங்களாம், நீங்க வாங்க, பொண்ண நான் பாத்துக்கறேன்னு சொன்னாங்க. உங்க மாமாவும் கூட வராரு, பல்லு செட்டக் கழட்டி வெச்சுட்டு வரேன், வாய்ச் சண்டைன்னு வந்தா வசதியா இருக்கும்ங்கிறாரு. உன் கடைக்கு எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்புல ஒரு பெஞ்சு இருக்குன்னியே, வர்ற திங்கக்கிழமை காலைலருந்து நான் அதுல உக்காந்திருப்பேன், அதே செவப்புத் துண்டோட, மாப்பிள்ளை வண்டி போற வரைக்கும் பேப்பர மூஞ்சிக்கு நேராப் புடிச்சுக்கிட்டு. துண்ட ஆட்டுனா கை தட்டிட்டு இருக்காத, எந்திரிச்சு வா. அன்னிக்கு வர மனசில்லன்னா மறுநாளும் உக்காந்திருப்பேன். எனக்கென்ன வேலை, பெஞ்சு இருக்கு, பஸ்சு பாக்கலாம், பக்கத்துல உக்காந்து இடிக்கிறதுக்கு உங்கம்மா இருக்கா. வரவே வேணாம்னு நீ முடிவு பண்ணாலும் ரோட்டத் தாண்டி வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு, பக்கத்துல செருமல் இல்லாம ஒரு தடவை உன் கொரலக் கேக்கணும். துணிமணி ஒண்ணும் எடுத்துக்காத, தெனம் கொண்டு போற பை மட்டும் போதும். சர்டிபிகேட்டுக்காகப் பீரோ பக்கம் போகாத. நான் தொழில்காரன் சொல்றேன், எதுக்கு வேணாலும் டூப்ளிகேட் போட்டுக்கலாம், உனக்குக் கெடையாது.

வீட்டுக்கு வந்தா எல்லாருக்கும் என்ன பதில் சொல்றதுன்னு நெனைப்ப. அந்தக் கவலை வேணாம். நம்ம வீடும் கலங்கரை விளக்கந்தான், நீ சொல்லிக் குடுத்த மாதிரி வெளக்கு மட்டும் இருக்கும், விளக்கம் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. கேக்குறவங்க வாசல்ல வந்தா நான் பேசிக்கறேன், அவங்க வீட்டுப் பூட்டு எல்லாம் எந்த லட்சணத்துல இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ கொறைவில்லாம இருக்கணும், பழையபடி சில்வண்டு மாதிரி காது வலிக்கப் பேசணும், அதுக்கு எங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதமும் எப்பவும் உண்டு. உங்கம்மா முத்தம் குடுத்தான்னு எழுதச் சொல்றா, எழுதிட்டேன்.

கடைசியா ஒண்ணு, மறந்துராத. திங்கக்கிழமை காலைல மாப்பிள்ளை கடை வாசல்ல எறக்கி விடும்போது தெனம் சொல்ற மாதிரியே சிரிச்ச மொகமா வரேன்னு சொல்லிட்டு எறங்கு. பொய் சொல்றோமேன்னு மனசு உறுத்த வேணாம். அவரு எப்படி வேணாலும் அர்த்தம் பண்ணிக்கட்டும். நான் எதுத்தாப்புல பெஞ்சுல உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பேன், நீ எங்கிட்டதான் சொன்னன்னு எடுத்துக்குவேன்.

உன் வரவுக்காகத் துண்டத் தொவச்சுக் காயப் போட்டிருக்கும்
உன் அப்பன், பூட்டுக்காரன்